கைப்பட்டைப் பார்கோடு: வெளிப்படையானதா என அளக்க இரு வழிகள்

நீச்சல் குளத்தில் ஈர மணிக்கட்டை நீட்டி, கைப்பட்டையிலுள்ள பார்கோடு வழியே பணம் செலுத்தும் முறை துறை அறிந்தவருக்கு வெளிப்படையானதா (அதாவது, அவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா; அப்படியெனில் காப்புரிமை கிடைக்காது) என்பதை அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்கீழ் இருவிதமாக அணுகலாம். பழைய கறாரான வழி, பார்கோடையும் கைப்பட்டையையும் இணைக்கத் தூண்டும் குறிப்பை முந்தைய ஆவணங்களில் தேடும். அது கிடைக்காவிட்டால் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரிப்பது கடினம்.

2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கறாரைத் தளர்த்தி, அறிந்த கூறுகள் தத்தம் வழக்கமான வேலையையே செய்து எதிர்பார்த்த பலனையே தரும் சேர்க்கை பெரும்பாலும் வெளிப்படையானதே என்றது. பார்கோடுக்கு 1952இலேயே காப்புரிமை கிடைத்துவிட்ட நிலையில், இவ்வழியே இங்கு நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால், நனைந்து வளைந்த பட்டையிலும் கோடுகளைப் பிழையின்றிப் படிக்கும் புதிய உத்தியையே விண்ணப்பதாரர் கோரியிருந்தால், அதைத் தனியாக எடைபோட வேண்டும்.