பேஸ் மிக்ஸ் மூட்டையில் கோழி இறகு: கெண்டைக்கு வீட்டில் இரை உருட்டுகிறவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் கெண்டைக்குத் தூண்டில் போடும் நம்மவர்களில் பலர் இப்போது கடை பாய்லியை (மாவை முட்டையில் பிசைந்து உருட்டி வேகவைத்த கெண்டை இரை) விட்டுவிட்டு வீட்டிலேயே உருட்டுகிறார்கள். மாவு மலிவாகக் கிடைக்கிறது என்று பேஸ் மிக்ஸை, அதாவது பாய்லி உருட்டும் கலவை மாவை, மூட்டைக் கணக்கில் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நானும், எங்கள் ஏரியில் என்னோடு தூண்டில் போடும் ஓர் அண்ணனும் சேர்ந்து, சமூக வலைத்தளத்தில் இரை மாவு விற்கும் ஒருவரிடம் பத்து கிலோ மூட்டைகளாக வாங்கினோம். "மீன் தூளும் பால் புரதமும் கலந்த உயர்தர பேஸ் மிக்ஸ், புரதம் 60%, கேசீன் 20%" என்று லேபிள் ஒட்டியிருந்தது. உள்ளே கேசீன் என்ற அந்தப் பால் புரதம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. கொஞ்சம் மீன் தூள் இருந்தது. மீதியில் பெரும்பங்கு கோழி இறகுத் தூளும் வேக வைக்காத சோயா மாவும். சிவப்பு மிளகாய்த் தூள் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியிருந்தார்கள். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும்.

கேசீன் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போய்விட்டது என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலேயத் தூண்டில்காரர் ரிச்சர்ட் வாக்கர் 1952-ல் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டையைப் பிடித்தது ரொட்டியை வைத்துத்தான். வெறும் ரவையும் சோயா மாவும் பாதிக்குப் பாதி கலந்து முட்டையில் பிசைந்து உருட்டினாலும் கெண்டை எடுக்கும். அது நேர்மையான இரை. ஆனால் கென்ட் பக்கத்தில் ஃப்ரெட் வில்டன் என்ற தூண்டில்காரர் 1970-களில் சொன்னது வேறு. மீனுக்கு உண்மையிலேயே ஊட்டமான உணவைத் தொடர்ந்து போட்டு வந்தால், அது தன் உடம்புக்கு நல்லது எது என்று பழகிக்கொண்டு அதையே தேடி வரும் என்பது அவர் கருத்து. கேசீன், லாக்டால்புமின், சோடியம் கேசினேட் போன்ற பால் புரதங்கள் இரை மாவுக்குள் வந்தது அந்த வழியில்தான். மீன் அப்படிப் பழகுகிறதா, தண்ணீரில் கரைந்து வரும் சுவையை மட்டும் பார்க்கிறதா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும் எனக்கு ஒன்று முக்கியம். மாதக்கணக்கில் ஒரே ஏரியில் கிலோ கிலோவாக இரை போடுகிறோம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோம். அந்த மீன்கள் நாம் போட்டதைத் தின்றுதான் அந்த வருடத்தைக் கழிக்கின்றன. அவற்றின் வயிற்றுக்குள் போவது என்ன என்று தெரிந்துகொள்வது நம் கடமை.

முதல் சந்தேகம் மாவு பிசையும்போதே வந்தது. கேசீன் சரியான அளவில் இருந்தால் முட்டையோடு சேர்ந்து மாவு இறுகும். கொதிநீரில் போட்டு எடுத்த உருண்டை தோல் கட்டி ரப்பர் போல நிற்கும். இது கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. உருட்டுப் பலகையில் நீளமாக வராமல் அங்கங்கே விண்டது. வெந்த பிறகும் விரலால் நசுக்கினால் மணல் மணலாக உதிர்ந்தது. பிறகு ஏரியில், பிடித்து மெத்தை விரிப்பில் கிடத்திய கெண்டைகள் கழித்ததைப் பார்த்தபோது, நாங்கள் போட்ட மாவின் பொன்னிறத் துணுக்குகள் அப்படியே முழுசாக இருந்தன. மீன் தூளும் பால் புரதமும் அப்படி வெளியே வராது.

அந்தத் துணுக்குகளைக் கொஞ்சம் கழுவி உலர்த்தி, மாவையும் சல்லடையில் அலசி, இரண்டையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும் மஞ்சள் துகள்கள். நடுவில் அங்கங்கே இறகுத் தண்டின் நார். கோழி இறகை உயர் அழுத்த நீராவியில் வேகவைத்து அரைத்த தூள் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும்.

விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் ஒரு சான்றிதழின் படத்தை அனுப்பினார். புரதம் 60% என்று அதில் இருந்தது. "எழுதியபடி புரதம் இருக்கிறதா, இல்லையா? புரதம் எதிலிருந்து வந்தால் மீனுக்கு என்ன?" என்றார். இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

சான்றிதழில் வரும் அந்த எண் புரதத்தை அளந்து வருவதில்லை. கோபன்ஹேகனில் 1883-ல் யோகான் கெல்டால் கண்டுபிடித்த முறையில் மாவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அந்த முறை கேட்பதில்லை. யூரியாவில் எடைக்கு 46% நைட்ரஜன். அதனால் ஒரு கிலோ யூரியா இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதமாகிவிடும். மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளில் நைட்ரஜன் இன்னும் அதிகம். 2007-ல் சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்து, அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. மறு வருடம் சீனாவிலேயே குழந்தைகளின் பால்மாவில் அதைக் கலந்தார்கள். ஏமாற்றியவர்கள் எல்லோரும் காட்டியது இதே மாதிரி ஓர் எண்ணைத்தான்.

அதனால் முதலில் யூரியாவைச் சந்தேகப்பட்டோம். இதற்கு நம் சமையலறையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பச்சைத் துவரம்பருப்பிலும் பச்சைச் சோயாவிலும் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். நம் ஊரில் பாலில் யூரியா கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். வறுக்காத, எண்ணெய் தடவாத துவரம்பருப்பைப் பொடித்து, சந்தேகமான மாவோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு ஜாடியில் ஊற்றுங்கள். மஞ்சள் தூள் கரைசலில் நனைத்த வெள்ளைத் தாளை மூடியின் உட்புறம் ஈரமாக ஒட்டி மூடுங்கள். அம்மோனியா எழுந்தால் மஞ்சள் தாள் செம்பழுப்பாகும். பக்கத்தில் இன்னொரு ஜாடியில் உர யூரியா ஒரு சிட்டிகையும் பருப்புப் பொடியும் மட்டும் வையுங்கள். அது சிவந்தால்தான் உங்கள் பொடி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எங்கள் மாவு ஜாடியில் தாள் மஞ்சளாகவே இருந்தது. யூரியா இல்லை. உர யூரியா வைத்த இரண்டாவது ஜாடி சிவந்தது. அண்ணன் விடாமல் மூன்றாவது ஒன்றும் வைத்தார்: மூட்டை மாவும் உர யூரியாவும், பருப்புப் பொடி இல்லாமல். அது சிவக்கவே கூடாது. அரை மணி நேரத்துக்குள் சிவந்தது. அதாவது மாவுக்குள்ளேயே உயிரோடு யூரியேஸ் இருந்தது. மாவிலேயே சூடு காட்டாத சோயா இருக்கிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. தீவன ஆலைகளில் சோயா போதுமான அளவு வறுபட்டிருக்கிறதா என்று பார்க்க யூரியேஸ் சோதனையைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சோயா பச்சையாக இருந்தால் கெண்டைக்கு ஏன் கேடு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. நமக்கு வயிற்றில் அமிலமும் பெப்சினும் சேர்ந்து புரதத்தை முதலில் உடைத்துக் கொடுப்பது போல அதற்கு ஒரு கட்டமே இல்லை. தொண்டைப் பற்களால் நசுக்கியதும் இரை நேரே குடலுக்குப் போகிறது. அங்கே டிரிப்சின் முதலிய நொதிகள்தான் முழு வேலையும் செய்கின்றன. பச்சைச் சோயாவில் அந்த டிரிப்சினையே முடக்கும் பொருள் இருக்கிறது. ஓரிரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்கும் பாய்லிக்குள் அதை அழிக்கும் அளவுக்குச் சூடு போய்ச் சேராது. சோயா மாத்திரமல்ல, கூடவே போட்ட நல்ல மீன் தூளும் அப்போது சரியாகச் செரிக்காது. தண்ணீர் குளிர்ந்து மீனின் செரிமானமே மந்தமாகும் மாதங்களில் இப்படிப்பட்ட இரையைப் போடுவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

இனி இறகு. இறகில் புரதம் 80 சதவீதத்துக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் அது கெரட்டின், நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே பொருள். கந்தகப் பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால், நன்றாக வேகவைத்து உடைக்காவிட்டால் மீனின் குடலால் அதைத் தொட முடியாது. நன்றாக உடைத்தாலும், புரதம் எவற்றால் கட்டப்பட்டதோ அந்த அமினோ அமிலங்களின் கணக்கு இடிக்கும். கெண்டைக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டிய அமினோ அமிலங்கள் பத்து. அவற்றில் லைசின் மட்டும் தின்னும் புரதத்தில் சுமார் 5.7% இருக்க வேண்டும் என்று தீவன ஆய்வுகள் சொல்கின்றன. கேசீனில் அது 8% அளவில் உண்டு. இறகில் இரண்டு, இரண்டரைதான். உளுந்து இல்லாமல் அரிசியை எத்தனை படி கூட்டிப் போட்டாலும் இட்லி வராது. லைசினும் மெத்தியோனினும் குறைந்தால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தும் மீன் சதை வைக்காது. வீணான நைட்ரஜனைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். சின்ன ஏரியில் அதன் சுமை எல்லா மீன்களுக்கும்தான்.

கடைசியில் ஒரு தீவன ஆய்வகத்தில் காசு கட்டி அமினோ அமிலப் பட்டியல் எடுத்தோம். மொத்தப் புரதம் லேபிளில் சொன்னதற்கு மிக அருகில் வந்தது. அந்த எண்ணில் பொய் இல்லை. லைசின் புரதத்தில் 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கேசீனில் அரை சதவீதம்கூட இல்லாத சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலம் பல மடங்கு இருந்தது. சிஸ்டின் இப்படி எகிறுவது இறகின் கையெழுத்து. ஐந்தில் ஒரு பங்கு கேசீன் இருக்கும் மாவில் இந்த இரண்டும் சேர்ந்து வர வழியே இல்லை. பட்டியலை அனுப்பிய பிறகு விற்றவர் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை.

எங்கள் ஏரியில் குளிர்காலத்தில் மீன் கடிப்பது குறைந்தது இந்த மாவினால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் காலத்தில் எப்படியும் குறையும். செரிக்காத துணுக்குகளைக் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

சிலர் சொல்லும் இரண்டு சோதனைகளை நம்ப வேண்டாம். மாவைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வந்தால் இறகு என்பார்கள். கேசீனைக் கொளுத்தினாலும் அதே நாற்றம்தான். சமையல் சோடாவில் கரைத்து வினிகர் விட்டால் கேசீன் திரியும் என்பதும் சரிதான், ஆனால் சோயாப் புரதமும் அப்படியே திரியும். கலந்த மாவில் இது எதையும் காட்டிக் கொடுக்காது.

என் யோசனை, கலந்த மூட்டையையே வாங்காதீர்கள். மீன் தூள், கேசீன், வறுத்த சோயா, ரவை என்று தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். தனியாக இருந்தால் நிறமும் மணமும் மறையாது. கேசீன் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட மணமே இல்லாமல் இருக்கும். கலந்ததுதான் வேண்டுமென்றால் புரத சதவீதத்தைக் கேட்காதீர்கள். எந்தெந்தப் பொருள், எவ்வளவு, லைசினும் மெத்தியோனினும் எத்தனை, சோயா வறுத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். கேசீன் மீன் தூளைவிடப் பல மடங்கு விலை. 20% கேசீன் என்று சொல்லிவிட்டு வெறும் மீன் தூள் விலைக்குக் கீழே ஒருவர் கொடுத்தால் அந்தக் கணக்கு எங்கேயும் உதைக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை: 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி விற்கும் பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்தக் கெடு போனாலும் உரிமை அடியோடு போய்விடுவதில்லை. மூட்டையைப் பிரித்துவிட்டீர்கள் என்று அவர் எங்களிடம் சொன்னது செல்லாத காரணம், பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்? தான் வியாபாரியே இல்லை, வீட்டில் மிஞ்சியதை விற்பதாகவும் சொன்னார். வாராவாரம் மூட்டை விற்கும் பக்கத்தின் படங்களை எடுத்து வைத்திருக்கிறோம். நாங்கள் கட்டியது வங்கிப் பரிமாற்றத்தில், அதனால் கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி எங்களுக்கு இல்லை. நீங்கள் கார்டில் மட்டும் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேலான பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு.

சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அவர்கள் வழியாகத்தான் வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் புகார் போகிறது. இதே லேபிள் ஒட்டிய மூட்டை யாரிடமாவது இருந்தால் ஏரியில் போடாதீர்கள். அரைக் கிலோ மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வையுங்கள், லேபிளையும் பணம் கட்டிய விவரத்தையும் படம் எடுத்துக்கொண்டு நீங்களும் அங்கே பதியுங்கள். ஆய்வகப் பட்டியலின் நகல் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.