22,500 ரூபாய்க்கு டூல் ட்ராலின்னு வந்த தகர டப்பா: ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கவங்க படிச்சிருங்க

22,500 ரூபாய் போச்சுங்க. தொகையை முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா விஷயத்தைக் கேக்கற ஒவ்வொருத்தரும் "எவ்ளோ?"ன்னு தான் ஆரம்பிக்கறாங்க. ஏழு ட்ராயர், கீழ நாலு வீலு, செவப்பு கலர்ல ஒரு மெக்கானிக் டூல் செஸ்ட். ஜாக், கம்ப்ரஸர், பவர் டூல்ஸ்னு ஒர்க்‌ஷாப் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. பேரு இப்ப சொல்ல மாட்டேன், கேஸ் போடப் போறேன், அது வரைக்கும் வெளிய விடாதேன்னு மச்சான் சொல்லிருக்கான். கடுப்புல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. இந்த மாதிரி பெட்டி எப்படிப் பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா எழுதறேன், அதுக்குத்தான் இந்தப் பதிவே.

நம்மளுது கோயமுத்தூர்ல சின்ன டூவீலர் ஒர்க்‌ஷாப். நானும் ஒரு பையனும் தான். இத்தனை வருஷமா ரிங் ஸ்பேனரெல்லாம் சுவத்துல ஆணில தொங்கும், சாக்கெட் செட் அதோட பெட்டிலயே கெடக்கும், மத்ததெல்லாம் மடக்கி விரிக்கிற அந்தப் பழைய அஞ்சு தட்டுப் பெட்டி. பிஎஸ்6ன்னு புது புகை விதி வண்டிங்க வந்ததுக்கப்புறம் ஸ்கேனர், டார்க் ரெஞ்ச், டார்க்ஸ் பிட்டுன்னு சாமான் ஏறிட்டே போகுது, ஒண்ணத் தேடறதுக்குள்ள கஸ்டமர் டீ குடிச்சிட்டு வந்து நிக்கிறாரு. சரி, ஒரு தடவை நல்லதா வாங்கிப் போட்டா பத்துப் பதினஞ்சு வருஷம் கெடக்கும்னு தான் தேட ஆரம்பிச்சது.

நான் ஒண்ணும் பாக்காம கொள்ளாம வாங்கலைங்க. விசாரிச்சேன். நம்மூர்ல ஃபேப்ரிகேஷன் பண்றவங்களுக்குப் பஞ்சமா, அவங்ககிட்டயும் கேட்டேன், ஆனா எல்லாரும் ஆர்டர் ஜாஸ்தி, ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அப்பதான் இந்த சைட்ல நம்பர் குடுத்தேன், குடுத்து அரை மணி நேரத்துல ஃபோன். சுத்தமான நம்மூர் தமிழ். "ஏங்ண்ணா, கார் பாக்கறீங்களா, பைக்குங்ளா?" பைக்குன்னேன். "அப்ப உங்களுக்கு டி ஸ்பேனர் நெறைய இருக்கும், மேல் ட்ராயர் ஆழம் பத்தாதுங்ணா, மூணாவதுல படுக்க வெச்சுக்குங்க, புல்லரு சுத்தியலெல்லாம் கடைசி ட்ராயர்." இப்படிப் பேசறவன் சும்மா விக்க வந்தவன்னு யாருக்குத் தோணும்? அதுக்கு மேல ஒண்ணு சொன்னான் பாருங்க, "எங்க பெரியப்பாவும் மெக்கானிக் தாங்ண்ணா, லாரிப் பட்டறை, அவர் கையால அடி வாங்கி வளந்தவன் நான்". அங்க தாங்க நான் விழுந்தது. நம்ம தொழில் தெரிஞ்ச பையன், நம்மள ஏமாத்த மாட்டான்னு மனசு சொல்லிருச்சு.

தகடு என்ன கேஜ்னு (தடிமனுக்குச் சொல்ற நம்பர்) கேட்டேன். 18 கேஜ்னான். ஒரு ட்ராயருக்கு 40 கிலோ தாங்கும்னான். தெறந்த ட்ராயர் மேல ஒரு ஆள் ஏறி நிக்கிற வீடியோ அனுப்பினான். மொத்தம் 62 கிலோ எடைன்னு சைட்லயே போட்டிருந்துச்சு. எல்லாத்தையும் வாய்ஸ் நோட்ல சொன்னான், நானும் அதான் ப்ரூஃப் இருக்கேன்னு இருந்தேன். அந்த வாட்ஸ்அப் சாட்டுல மெசேஜ் ஏழு நாள்ல தானா மறையிற செட்டிங்கை அவனே ஆன் பண்ணி விட்டிருக்கான்! மேல சின்னதா ஒரு வரி வரும், யாருங்க அதையெல்லாம் படிக்கறா. சாமான் வர்றதுக்குள்ள வாய்ஸ் நோட்டு, வீடியோ எல்லாமே காணாம போச்சு. முன்கூட்டியே முழுப் பணம் கட்டினா 1,500 தள்ளுபடின்னான், 24,000 ரூபா சாமான் 22,500க்கு. ஜிபேல போட்டு விட்டேன். ஜிஎஸ்டி நம்பர் இருக்குங்ளா, குடுங்க, உங்களுக்கு இன்புட் க்ளெய்ம் ஆகும், கட்டின வரியைக் கழிச்சுக்கலாம்னான். ரொம்ப நல்லவன்! அந்த ஜிஎஸ்டி நம்பர் எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

பெட்டி வந்துச்சு. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல போய் எடுக்கும்போதே பையன் சொன்னான், "அண்ணா, நான் ஒருத்தனே தூக்கிருவேன்". அட்டைப் பெட்டியோட சேத்து எல்ஆர் பில்லுல (டிரான்ஸ்போர்ட் ரசீது) எடை 34 கிலோ. 62 எங்க, 34 எங்க. சரி சைட்ல தப்பாப் போட்டிருப்பாங்கன்னு வீட்டுக்காரம்மா சமாதானம் சொன்னா. ஓரத்துல தட்டினா முறுக்கு டின் மாதிரி சத்தம்.

இருந்தாலும் சாமானை அடுக்கினோம். ஒரு வாரம் கூட முழுசா ஓடல, கடைசி ட்ராயரை இழுத்தா அது ஓடற சேனல்ல இருந்து பேரிங் குண்டெல்லாம் கொட்டுது, தரை பூரா உருளுது. அதுல இருந்தது ரெண்டு சுத்தியல், ஒரு மேக்னெட் புல்லர் செட்டு, ஒரு சின்ன வைஸ், கொஞ்சம் ராடு. மளிகைக்கடைத் தராசுல போட்டுப் பாத்துட்டோம், 20 கிலோ கூட வரல. 40 தாங்கும்னு சொன்னது இது.

அடுத்தது வீலு. தகடு மெலிசுங்கறதால கீழ ஒரு ஆங்கிளோ சேனலோ குடுத்து அதுல வீலை மாட்டணும். இவனுங்க அந்த மெல்லிசு தகட்டுலயே நேரா நாலு போல்ட்டைப் போட்டு விட்டிருக்கானுங்க. வாசப்படி கிட்ட அரை இஞ்சு மேடு, அதுல தள்ளினதுக்கே ஒரு வீல் உள்பக்கமா மடங்கிருச்சு, தகடு கிழிஞ்சு வாயப் பொளந்து நிக்குது.

அதோட நிக்கலைங்க. ஒரு நாள் சாயங்காலம் பையன் மேல ரெண்டு ட்ராயரைத் தெறந்தபடியே விட்டுட்டு மூணாவதை இழுத்திருக்கான், மொத்தப் பெட்டியும் முன்னாடி கவுந்துருச்சு. நல்ல பெட்டி நெறையதுல ஒரு ட்ராயர் தெறந்திருந்தா அடுத்தது தெறக்காத மாதிரி இன்டர்லாக் இருக்கும், இதுல இருக்குன்னு தான் சொன்னான், இல்ல. பையன் காலை எடுத்துட்டான், சாமி புண்ணியம். பக்கத்துல சர்வீஸ் முடிச்சு நிறுத்தின ஒரு கஸ்டமர் வண்டி டேங்க்குல நல்லா ஒரு டென்ட். அதுக்கு டென்ட் எடுத்து பெயின்ட் அடிச்சுக் குடுத்தது நம்ம கைக்காசு. இந்த 22,500ல அதை நான் சேக்கவே இல்ல.

அன்னிக்கு ராத்திரி தான் தடிமன் அளக்கற வெர்னியரை எடுத்து ட்ராயர் ஓரத்துல வெச்சேன். பெயின்ட்டோட 0.7 மில்லிமீட்டர். பெயின்ட்டை சொரண்டிட்டு வெச்சா 0.56. நமக்குத் தெரிஞ்ச கணக்கு தான, 18 கேஜ்னா 1.2 மில்லி, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7, 24 கேஜ் தான் 0.56. பாதிக்கும் கீழ. அதான் எடையும் பாதி. 1 மில்லி இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ வரும், தகடு பாதியானா கிலோவும் பாதி, இதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, எடையைப் பாத்தாலே திருட்டுத்தனம் தெரிஞ்சிரும்.

இனிமே தான் கூத்து. லாரிப் பட்டறைப் பெரியப்பா கதை சொன்ன அந்த சேல்ஸ்காரனுக்கு ஃபோன் பண்ணினேன். "அண்ணா, நான் சேல்ஸ் தாங்ண்ணா, சப்போர்ட்ல பேசுங்க." அதுக்கப்புறம் என் நம்பரை எடுக்கறதே இல்ல, நம்ம பட்டறைப் பையன் நம்பர்ல அடிச்சா "ராங் நம்பர்"ங்கறான், குரல் எனக்குத் தெரியாதா? சப்போர்ட்டுக்கு அடிச்சா ஹிந்தி, இங்கிலீஷ், ஒண்ணை அழுத்து, மூணை அழுத்து, பாட்டு. ஆளு கெடைச்சா டிக்கெட் போட்டிருக்கோம்னு சொல்லுவான். போட்டோ அனுப்புங்கன்னான், அனுப்பினேன். வீடியோ அனுப்புங்கன்னான், அனுப்பினேன். பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேணும்னான். குண்டு கொட்டினது ஒரு வாரம் கழிச்சு, பிரிக்கும்போது எடுத்த வீடியோல அது எப்படிய்யா தெரியும்? இதைக் கேட்டதுக்கு "டிக்கெட் க்ளோஸ்டு"ன்னு மெசேஜ்.

மறுபடி டிக்கெட். இந்த தடவை வேற ஒருத்தன், ஓவர்லோடு பண்ணிட்டீங்கன்னான். 20 கிலோ கூட இல்லைன்னு தராசு போட்டோ அனுப்பினேன். கேஜ் பத்திக் கேட்டேன், 18 சொல்லிட்டு 24 குடுத்திருக்கீங்களேன்னு. அதுக்கு அவன் சொல்றான், "சார், 24 ஈஸ் மோர் தேன் 18, யூ காட் பெட்டர் ஒன்". சத்தியமா இதைத்தான் சொன்னான். கேஜ் நம்பர் ஏற ஏற தகடு மெலிசுன்னு கூடத் தெரியாதவன் தகட்டுப் பெட்டி விக்கிறான், இல்ல தெரிஞ்சே தான் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுச் சொல்றான். ரெண்டுல எது மோசம்னு நீங்களே சொல்லுங்க.

பில்லை எடுத்துப் பாத்தேன். அதுல கேஜும் இல்ல, மில்லியும் இல்ல, கிலோவும் இல்ல. "ஹெவி டியூட்டி டூல் கேபினட், 7 ட்ராயர், ரெட்", அவ்ளோ தான். சைட்ல போய்ப் பாத்தா 62 கிலோங்கற வரியையே தூக்கிட்டானுங்க.

கடைசியா வாரண்டி. ஒரு வருஷம் வாரண்டின்னு பெரிய எழுத்துல போட்டிருக்கான்ல, அதுக்கு ஒரு மெயில் வந்துச்சு: நீங்க ஜிஎஸ்டி நம்பர்ல வாங்கினது, அதனால இது கமர்ஷியல் யூஸ், வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும் தான். எப்படி? மெக்கானிக் டூல் செஸ்ட்டு, பேருலயே மெக்கானிக், போட்டோவுல பின்னாடி கார் லிஃப்ட்ல நிக்குது, அதை ஒர்க்‌ஷாப்ல வெச்சா வாரண்டி கிடையாதாம். வீட்ல வெச்சு என்னங்க பண்றது, பூண்டு வெங்காயம் போட்டு வெக்கவா? ஜிஎஸ்டி நம்பரை அவ்ளோ அக்கறையா கேட்டது இதுக்குத்தான். 22,500 ரூபாய் கட்டினவன் நுகர்வோர் இல்லையாம், வியாபாரியாம்.

ஆனா இதுல அவனுங்க ஓட்டற ரீல் செல்லாதுன்னு மச்சான் ஆபீஸ்ல ஒரு வக்கீல் சொன்னாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயே, சுயதொழில் பண்ணி அதுல பொழைக்கறவன் அதுக்காக மட்டும் வாங்கின சாமானை வியாபார நோக்கம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு விளக்கம் இருக்காம். பட்டறை வெச்சிருக்கவன், தையல் மெஷின் வாங்கினவன் மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் இது பொருந்தும்னாரு. கேஸும் அவனுங்க ஊருக்குப் போய்ப் போட வேண்டியதில்ல, நாம இருக்கற ஊர்லயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்த சாமானுக்கு ஃபீஸ் கெடையாது, பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆன்லைன் கடைன்னா குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தரை வெக்கணும், புகார் வந்து 48 மணி நேரத்துல வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்த்து வெக்கணும், இது 2020ல வந்த இ-காமர்ஸ் ரூல். அந்த அதிகாரி மெயில் ஐடியைத் தேடி அனுப்பினேன். மெயில் திரும்பி வந்துருச்சு, அப்படி ஐடியே இல்லையாம்! நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சுட்டேன், தமிழ்லயே பேசினாங்க, அந்தம்மா பொறுமையா எழுதிக்கிட்டாங்க, அவங்களுக்கு நன்றி.

கம்ப்ளெய்ன்ட் போனதும் கடைக்காரனுக்கு எங்கயோ சுருக்குன்னு இருந்திருக்கும் போல, நேத்து ஒரு மெசேஜ். வருந்தறோம், நல்லெண்ணமா அடுத்த பர்ச்சேஸ்க்கு 500 ரூபாய் கூப்பனாம். 5,000க்கு மேல வாங்கினா தான் செல்லுமாம். 22,500 ரூபாய்க்கு 500 ரூபாய், அதுவும் நான் இன்னொரு 5,000 அவன்கிட்டக் கொண்டு போய்க் குடுத்தா. படிச்சிட்டு ஃபோனைத் தூக்கிப் போட்டிருப்பேன், அதுக்கும் நம்ம காசு தான்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், வெளிய ரெண்டு வண்டி நிக்குது, பையன் கூப்பிடறான், அதனால வேகமாச் சொல்லிடறேன். ஹெவி டியூட்டிங்கற வார்த்தையை நம்பாதீங்க, தகடு எத்தனை மில்லி, மொத்த எடை எத்தனை கிலோ, ரெண்டையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா நடையைக் கட்டுங்க. கேஜ்ல பேசாதீங்க, மில்லில பேசுங்க. ட்ராயரை முழுசா வெளிய இழுத்து முனையில கையை வெச்சு அழுத்திப் பாருங்க, கடைசி ட்ராயருக்கு ரெண்டு ஜோடி சேனல் இருந்தா நல்லது. பெட்டியைக் கவுத்து வீல் எதுல மாட்டிருக்குன்னு பாருங்க. ஒரு ட்ராயர் தெறந்திருக்கும்போது இன்னொண்ணு தெறக்குதான்னு பாருங்க. பூட்டைப் பத்தி எழுதவே மறந்துட்டேன், இந்தப் பெட்டிப் பூட்டை பையன் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்ல தெறந்துட்டான். வாட்ஸ்அப்ல பேசினா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, வாய்ஸ் நோட்டை உடனே வேற எடத்துல சேவ் பண்ணுங்க. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க, தள்ளுபடி மயிரு மட்டைன்னு என்ன சொன்னாலும் கட்டாதீங்க. ஜிஎஸ்டி நம்பர் குடுக்கறதுக்கு முன்னாடி வாரண்டில கமர்ஷியல்னு ஏதாச்சும் போட்டிருக்கான்னு கீழ பொடி எழுத்தைப் படிங்க.

டூல்ஸெல்லாம் இப்ப மறுபடி ஆணில தொங்குது. கணபதி, பீளமேடு பக்கம் 1.2 மில்லி தகட்டுல, 45 கிலோ தாங்கற சேனல் போட்டு, நல்ல வீலு மாட்டிச் செஞ்சு குடுக்கற ஆள் யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, லேட் ஆனாலும் பரவால்ல, நேர்ல வந்து தகட்டை அளந்துட்டு தான் அட்வான்ஸ் குடுப்பேன்.