டோமினார் 400-ஐ இன்னொரு முறை வாங்கியது ஏன்? ஹிமாலயனோடு வைத்து ஒரு கணக்கு

2025 தீபாவளி முடிந்த கையோடு புது வண்டி எடுப்பதென்று வீட்டில் முடிவானது. ஆறு வருஷமாக என்னிடம் இருந்தது 2019 மாடல் பஜாஜ் டோமினார் 400. மீட்டரில் 71,000 கிலோமீட்டர். அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அதே டோமினாரில் புதுசு எடுப்பதா, ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450-க்கு மாறுவதா என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் டோமினாரையே எடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்ப தயாரிப்பை நிறுத்துவாங்கன்னு தெரியாத வண்டியை எதுக்குங்க எடுத்தீங்க?"

நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதற்கு மேலே உள்ளவற்றுக்கு 40. முன்பு செஸ் என்கிற கூடுதல் வரியைச் சேர்த்தே 31 சதவீதம்தான். நான் எடுத்த டோமினாரின் இன்ஜின் 373 சிசி. வெறும் 23 சிசி கூடிப்போனதால் பெரிய வண்டிகளோடு ஒரே தட்டில் நின்றது. ஹிமாலயன் 452 சிசி, அதற்கும் இதே வரிதான். ஆனால் டோமினாரை வாங்குகிறவர்கள் "கொடுக்கிற காசுக்கு இவ்வளவு வண்டியா" என்று பார்த்து வாங்குகிறவர்கள். 2016 டிசம்பரில் 1.36 லட்சத்துக்கு அறிமுகமானபோது அதன் பலமே அந்த விலைதான். விலை ஏறினால் முதலில் அடிபடுவது இந்த மாதிரி வண்டிதான்.

அடுத்தது, சொந்த வீட்டிலேயே நெருக்கடி. அதே 373 சிசி இன்ஜினோடு பல்சர் என்எஸ்400இசட் 2024-இல் 1.85 லட்சத்துக்கு வந்தது. மேல்பக்கம் ட்ரையம்ஃப் ஸ்பீட் 400. அதையும் பஜாஜ்தான் புனே பக்கம் சாகனில் செய்கிறது. கேடிஎம் 390 டியூக் 2023-லேயே 399 சிசி இன்ஜினுக்குப் போய்விட்டது. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது டோமினார். இத்தனைக்கும் 2025 ஜூலையில்தான் அதற்கு ரைட்-பை-வயர் (கேபிளுக்குப் பதில் மின்சாரத்தில் இயங்கும் ஆக்ஸிலரேட்டர்), நான்கு ரைடிங் மோடு, புது மீட்டர் எல்லாம் கொடுத்து 2,38,682 ரூபாய் டெல்லி ஷோரூம் விலை வைத்தார்கள். இரண்டே மாதத்தில் வரி மாறிவிட்டது.

மற்ற வண்டிகளையும் பார்க்காமல் இல்லை. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு வரி லாபம் இருக்கிறது, நல்ல வண்டியும்கூட. ஆனால் பின் சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்த என் மனைவி, நாகர்கோவில் வரைக்கும் இதில் வர முடியாது என்று இறங்கிவிட்டாள். என்எஸ்400இசட் 174 கிலோ, ஊருக்குள் பறக்கலாம். நீண்ட பயணத்துக்கு கேரியர், காற்றைத் தடுக்கும் உயரமான வைசர் என்று ஒவ்வொன்றாகத் தேடி மாட்ட வேண்டும். ஆக, மிஞ்சியது இரண்டுதான்.

ஹிமாலயனை நான் ஓட்டியது மொத்தம் இரண்டு நாள். நண்பரின் வண்டியை வாங்கிக்கொண்டு திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகக் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த இன்ஜினின் அருமை தெரிந்தது. 40 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), அதுவும் 5,500 ஆர்பிஎம்மிலேயே. வளைவில் வேகம் குறைந்தாலும் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறியது. டோமினாரில் அதே இடத்தில் இரண்டாவதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். 35 நியூட்டன் மீட்டர், அதையும் மேலே போய்த்தான் கொடுக்கும். மழையில் பெயர்ந்து கிடந்த இடங்களில் ஹிமாலயனின் 21 அங்குல முன்சக்கரம் பள்ளத்தைப் பள்ளமாகவே காட்டவில்லை. பெட்ரோல் டேங்கும் 17 லிட்டர். டோமினாரில் 13 தான். மலை, மண்பாதை, லடாக், ஸ்பிட்டி என்று போகிறவருக்கு நான் டோமினாரைச் சொல்லவே மாட்டேன்.

என் ஓட்டம் வேறு. மாதம் ஒருமுறையாவது திருச்சியிலிருந்து மனைவியின் ஊரான நாகர்கோவிலுக்கு, நான்குவழிச் சாலையில் 375 கிலோமீட்டர் போலப் போய்வர வேண்டும். என் பழைய டோமினார் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 28 கொடுத்தது. கோவில்பட்டியில் பெட்ரோல் போட்டு, கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பினால் நேராக வீடுதான். அந்த வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வருகிறது. ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போனவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டிலிருந்து அடிக்கும் காற்று வண்டியை அப்படியே ஓரம் தள்ளும். லாரியை ஒட்டிப் போகும்போது ஒரு நொடி காற்று நின்று, தாண்டியதும் திரும்ப அறையும். 193 கிலோ கனமும் 150 அளவு பின்டயரும் அங்கேதான் உதவின. கைப்பிடியை இறுக்காமல் லேசாகப் பிடித்து, வண்டியைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்தே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போவேன். அது தடுமாறியதில்லை. ஹிமாலயன் 196 கிலோ, ஆனால் உயரம் கூடுதல். அதை அந்தக் காற்றில் நான் ஓட்டியதில்லை, அதனால் அங்கே எது மேல் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

சீட் உயரம் 800 மில்லிமீட்டர், ஹிமாலயனில் 825. என் உயரத்துக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய விஷயம். பின்னால் சாய்ந்துகொள்ள கேரியரோடு கூடிய பேக்ரெஸ்ட் கம்பெனியிலேயே வருகிறது. விலை வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். புது வரிக்குப் பிறகு ஹிமாலயன் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

இவ்வளவும் இருந்தும் என் கை நடுங்கிய இடம் ஒன்றுதான்: நாளைக்கு வண்டியை நிறுத்திவிட்டால் ஸ்பேர்ஸ் கிடைக்குமா?

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. டோமினாருக்கு முன்னால் நான் வைத்திருந்த டூரிங் வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். அந்த மாடலை நிறுத்தி இரண்டு வருஷம் ஆன பிறகு, விழுப்புரம் பைபாஸில் நாய் குறுக்கே வந்து விழுந்தேன். எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். ஹெட்லைட் உடைந்தது. "ஆர்டர் போட்டிருக்கோம் சார்" என்ற பதிலோடு நான்கு மாதம் போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சாக்குமூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கண்ணாடி மஞ்சளடித்திருந்தது, மாட்டுகிற மூன்று காதுகளில் ஒன்று ஒடிந்திருந்தது. 3,500 ரூபாய் கொடுத்து வாங்கி, ஒடிந்த காதை எம்-சீல் வைத்து ஒட்டித்தான் ஒரு வருஷம் ஓட்டினேன். இன்ஜின் முத்துப்போல இருந்தது. அந்த ஹெட்லைட்டுக்காகவே வண்டியை விற்றேன்.

அதனால் இந்த முறை பணம் கட்டுவதற்கு முன் எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் போய் உட்கார்ந்தேன். பட்டறையில் அப்போது ஒரு டோமினார் 250 நின்றது. அவர் என் 400-ஐ அதன் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"டேங்க் பாருங்க தம்பி. ஹெட்லைட் பாருங்க. சைடு பேனல். ரெண்டும் ஒண்ணுதான். இதுல உடைஞ்சா அதுல இருந்து கழட்டி மாட்டலாம்."

"இன்ஜின் அண்ணே?"

"இன்ஜின் அந்த என்எஸ் 400-ல இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

என் முடிவுக்குக் காரணம் இதுதான். டோமினார் 400-க்கென்று தனியாக இருப்பது கொஞ்சம்தான். உடம்பில் பெரும்பகுதி 250-உடையது, இன்ஜின் என்எஸ்-உடையது. டோமினார் 250-க்கு வரி 18 சதவீதம் ஆகிவிட்டதால் அது நிலைக்க வழி இருக்கிறது. 400 நின்றுபோனாலும், 250 ஓடும் வரை டேங்கும் ஹெட்லைட்டும் வந்துகொண்டிருக்கும். வெளிநாட்டு விற்பனை வேறு இருக்கிறது. கொலம்பியாவிலும் மெக்சிகோவிலும் ஓடுகிறது, மலேசியாவில் அந்த ஊர் மோடெனாஸ் கம்பெனியின் பெயரில் விற்கிறார்கள். அங்கேயெல்லாம் நம் ஊர் 350 சிசி வரிக்கோடு கிடையாது. செயின் செட், பிரேக் பேட், டயர், ஹேண்டில்பார் திரும்ப உதவும் கோன் செட் போன்ற தேய்மான சாமான்களுக்குக் கவலையே இல்லை.

டோமினாருக்கு முன்னால் இருந்த அந்த டூரிங் வண்டியை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதன் உடம்பு வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. அதுதான் அதன் விதியை முடித்தது. ஒரு மாடல் நிற்குமா என்று கேட்பதை விட, அதன் சாமான்கள் எந்தெந்த வண்டிகளில் ஓடுகின்றன என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கிறது. டோமினாருக்கு அந்தப் பதில் நன்றாகவே இருந்தது.

இதில் ஓட்டையும் உண்டு. வரிக்காக என்எஸ் இன்ஜினையே 350-க்குக் கீழே இறக்கிவிட்டால் பிஸ்டன், சிலிண்டர் போன்ற உள்சாமான்கள் மாறக்கூடும். அப்போதும் 373 சிசி வண்டிகள் ஏற்கெனவே ஏராளமாக ரோட்டில் இருக்கின்றன. பழைய 390 டியூக் வந்த காலத்திலிருந்து அந்த இன்ஜின் குடும்பத்தைப் பிரித்துப் பூட்டிய கைகள் ஊருக்கு ஊர் உண்டு. 400-க்கே உரிய, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், சைலன்சர் இவைதான் எனக்குச் சந்தேகம்.

ஹிமாலயனுக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் இன்ஜின் அதே கம்பெனியின் கெரில்லா 450-இலும் இருக்கிறது, தயாரிப்பு நம் ஒரகடம் பக்கம், சர்வீஸ் சென்டர் எங்கும் உண்டு. நான்கைந்து வருஷத்தில் விற்றுவிடுகிற பழக்கம் உள்ளவர் அதையே எடுக்கலாம், மறுவிற்பனையில் டோமினார் அதற்குப் பக்கத்தில் நிற்காது. நான் வண்டியை ஓடும்வரை ஓட்டுகிறவன். ஆர்க்டிக்கிலிருந்து அண்டார்டிகா வரை மூன்று இந்தியர்கள் 99 நாளில் 51,000 கிலோமீட்டருக்கு மேல் இதே டோமினாரில் போனார்கள். என் 71,000-ஐயும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த இன்ஜினை நம்ப எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கார்த்திகையில் வண்டி வந்தது. அதே வாரம் ஒரு செட் கேபிள், கிளட்ச் லீவர், ரேடியேட்டர் ஹோஸ், ஹெட்லைட் ஒன்று எல்லாம் வாங்கி, பழைய பேப்பரில் சுற்றி, தேதி எழுதிப் பரணில் வைத்துவிட்டேன். சைலன்சருக்கு மட்டும் மெக்கானிக் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.