பேனா மீட்டரா, மண் பரிசோதனையா, கண்காணிப்புக் குழாயா?

வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதியில் போர் போட்டுச் சொட்டுநீர் அமைக்க நினைப்பவர் நீரிலும் நிலத்திலும் எவ்வளவு உப்பு என்று அறியப் பெரும்பாலும் முதலில் நம்புவது, பேனா வடிவக் கைக்கருவியான பேனா மீட்டரைத்தான். தண்ணீரில் நனைத்தால் நொடியில் எண் வந்துவிடும், செலவும் சொற்பம். அது அளப்பது மின்கடத்துத்திறனை; கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும். பாசன நீரில் இது ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு தேவை என்பது உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டல். இதை அறிய பேனா மீட்டர் போதும். ஆனால் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு) கணக்கில் காட்டும் மீட்டரில் கவனம் வேண்டும்: 1 டெசிசீமன்ஸை ஒரு கருவி 500 என்றும் இன்னொன்று 640 என்றும் காட்டும்.

மீட்டருக்குத் தெரியாத ஒன்று, கரைந்திருப்பது எந்த உப்பு என்பது. கால்சியம், மக்னீசியத்தைவிடப் பைகார்பனேட் மிகுந்த நீர் குறைந்த எண்ணையே காட்டக்கூடும். அதையே பாய்ச்சிவந்தால் மண்ணில் சோடியம் ஏறி, நிலம் இறுகி, களராகிவிடும். உப்பு மட்டும் மிகுந்த உவர் நிலத்தை நல்ல நீர் கட்டிக் கழுவி வடிக்கலாம். களருக்கு ஜிப்சமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். எனவே நீரை ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட், அதாவது கால்சியம், மக்னீசியத்தை மிஞ்சிய கார்பனேட், பைகார்பனேட் அளவு, லிட்டருக்கு 2.5 மில்லிஈக்விவலன்டைத் தாண்டினால் அந்த நீர் பாசனத்துக்கு ஆகாது.

மண் பரிசோதனை இதைவிட ஆழமானது, எண்ணைச் சரியாகப் படித்தால். உவர் நிலத்துக்கான 4 டெசிசீமன்ஸ் என்ற எல்லை, மண்ணைப் பசையாகக் குழைத்து வடித்த சாற்றுக்கு உரியது. பல ஆய்வகங்கள் அளப்பதோ ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு நீர் கலந்த கரைசலை. நீர்த்துப்போனதால் அதில் எண் குறைவாகவே வரும். மணல் நிலத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. ஆய்வு முடிவு அட்டையில் 1.5 என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மேல்மண்ணை மட்டும் அள்ளிக் கொடுப்பதும் தவறு. 15, 30, 60, 90 செ.மீ. என அடுக்கடுக்காக எடுத்தால்தான் கீழே உப்பு எங்கே காத்திருக்கிறது என்று தெரியும்.

மண்ணைத் தோண்டாமல் நடந்தபடியே அளக்கும் மின்காந்தக் கருவிகளும் உண்டு. ஈஎம்38 போன்றவை நிமிர்த்திப் பிடித்தால் சுமார் 1.5 மீட்டர் ஆழம்வரை உணரும். நூற்றுக்கணக்கான ஏக்கர் திட்டத்துக்கு அருமையானவை. இரண்டு ஏக்கர்க்காரருக்குத் தேவையில்லை. ஈரமும் களிமண்ணும்கூட அளவை உயர்த்தும் என்பதால் எப்படியும் மண் மாதிரி எடுத்துச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

என் பணத்தை முதலில் எதில் போடுவேன் என்றால், இவை எதிலுமல்ல. கண்காணிப்புக் குழாயில், அதாவது துளையிட்ட பிவிசி குழாயில். மூன்று மீட்டர் ஆழத்தில் நட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டத்தையும் உப்பையும் குறித்துவைத்தால் போதும். உப்புநீர் இரண்டு மீட்டருக்குள் நின்றால், பாசனம் அதை மேலும் உயர்த்தும். பிறகு வெயில் அதை மேலே இழுத்து நிலத்தில் உப்பாகப் பூக்கவைக்கும். ராஜஸ்தானின் இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனப் பகுதியில் அடியிலிருந்த ஜிப்சப் பாறைப்படிவு நீரைக் கீழே போகவிடாமல் தடுத்ததால், பாலைநிலத்திலேயே நீர் தேங்கியது. அடியில் இருப்பதை முன்பே பார்க்காததன் விலை அது.

குழாய்க்கு ஓராண்டு பொறுமை வேண்டும் என்பதே அதன் குறை. கார்த்திகை மழைக்குப் பின் எடுத்த ஓர் அளவை நம்பிப் போர் போடாதீர்கள்; சித்திரை, வைகாசியிலும் பாருங்கள். கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலிருக்கும் அந்த நன்னீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் ஏறக்குறைய 40 மீட்டர் மேலே வரக்கூடும்.