ஆல்பர்ட்டா கோபமும் மேற்கு ஆஸ்திரேலியா கோபமும்: எந்த நாட்டு நிதிப் பங்கீடு தேவலாம்?

கனடால எண்ணெய் வளம் இருக்குற ஆல்பர்ட்டா மாகாணத்துக்காரங்களும் சரி, ஆஸ்திரேலியால இரும்புத் தாது இருக்குற மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்து ஆளுங்களும் சரி, அரசியல் பேச ஆரம்பிச்சா ஒரே புலம்பல்தான்: மண்ணத் தோண்டி சம்பாதிக்கிறது நாங்க, அனுபவிக்கிறது வேற யாரோ. ரெண்டுமே கூட்டாட்சி நாடு, ரெண்டுலயும் நிலத்துக்கடில இருக்குற வளத்தோட ராயல்டி (அத எடுக்குற கம்பெனி அரசுக்குக் கட்டுற பங்கு) அந்தந்த மாகாணத்துக்கோ மாநிலத்துக்கோதான் போகுது. ஆனா இந்தக் கோபத்துக்கு ரெண்டு நாடும் வேற வேற வைத்தியம் பண்ணிருக்கு. என் கணக்குல கனடாவோட ஃபார்முலா நல்லது, ஆஸ்திரேலியாவோட கமிஷன் நல்லது, 2018ல ஆஸ்திரேலியா செஞ்ச சமரசம் ரொம்ப மோசம். ஏன்னு சொல்றேன்.

மொதல்ல கனடா. வருமானம் குறைவான மாகாணத்துக்கு மத்திய அரசு பணம் குடுக்குற ஏற்பாட்டுக்கு இங்க பேரு ஈக்வலைசேஷன், 1957ல ஆரம்பிச்சது, 1982 அரசியல் சட்டத்துல 36வது பிரிவுல இதோட கொள்கையே எழுதி வச்சாச்சு. நெறைய பேரு நினைக்கிற மாதிரி ஆல்பர்ட்டா அரசு கியூபெக் மாகாணத்துக்கு செக் எழுதிக் குடுக்கல. பணம் மத்திய அரசோட பொது வருமானத்துலேர்ந்து போகுது, ஆல்பர்ட்டால சம்பளம் அதிகம், அதனால அங்க இருக்குறவங்க கட்டுற மத்திய வரியும் அதிகம், அவ்ளோதான். ஒவ்வொரு மாகாணமும் சராசரி வரி விகிதத்துல வசூல் பண்ணா தலைக்கு எவ்ளோ வரும்னு பாப்பாங்க, பத்து மாகாண சராசரிக்குக் கீழ இருந்தா குறையிறத நிரப்புவாங்க. ஆல்பர்ட்டா கடைசியா இதுல காசு வாங்குனது 1964-65ல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் 2007ல வந்த மாத்தம்: எண்ணெய், எரிவாயு மாதிரி இயற்கை வள வருமானத்துல பாதிதான் கணக்குல சேரும், இல்ல சேக்காமலே கணக்குப் போட்டா அந்த மாகாணத்துக்கு அதிகம் கிடைக்கும்னா அப்படியே போட்டுக்கலாம், மேல ஒரு உச்சவரம்பும் இருக்கு. வளம் ஒரு நாள் தீரும், எடுக்குறதுக்கும் ஊர் செலவு பண்ணணும், அதனால பாதிங்கிறது நியாயமான எடம்னு நினைக்கிறேன்.

ஆனா நீர்மின்சாரத்துல பெரிய ஓட்டை இருக்கு. எண்ணெய உலக விலைக்கு விக்கிறாங்க, அதுல வர்ற ராயல்டி கணக்குல அப்பட்டமா தெரியுது. கியூபெக்ல மாகாண அரசோட மின்சார நிறுவனமான ஹைட்ரோ-கியூபெக் சொந்த மக்களுக்கு கரண்ட்ட மலிவாக் குடுக்குது, அந்தச் சலுகை மக்கள் பாக்கெட்டுக்குப் போகுதே தவிர அரசு வருமானமா எங்கயும் பதிவாகாது, அதனால மாகாணம் உண்மைல இருக்குறத விட ஏழையாத் தெரியும், ஈக்வலைசேஷன் தொகை கூடும். இன்னும் கொடும என்னன்னா அந்தக் கரண்ட்ல ஒரு பங்கு பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தோட லாப்ரடோர் பகுதில இருக்குற சர்ச்சில் ஃபால்ஸ் நீர்மின் நிலையத்துலேர்ந்து வருது, 1969ல போட்ட ஒப்பந்தப்படி 2041 வரைக்கும் அடிமாட்டு விலை. இதப் புதுசாப் பேசி மாத்துறதுக்கு நியூஃபவுண்ட்லாந்தும் கியூபெக்கும் கை குலுக்கவே 2024 டிசம்பர் ஆச்சு. ஆல்பர்ட்டாவும் சஸ்காட்சுவானும் இத வச்சுக் கத்துறதுல நான் முழுசா அவங்க பக்கம்தான். அதே கரண்ட்ட அமெரிக்காவுக்கு என்ன விலைக்கு விக்கிறாங்கன்னு தெரியும்ல, அந்த விலைல மதிப்புப் போட வேண்டியதுதான?

இப்ப ஆஸ்திரேலியா. 1933ல மேற்கு ஆஸ்திரேலியா மக்கள் மூணுல ரெண்டு பேரு நாட்ட விட்டுப் பிரியணும்னு ஓட்டுப் போட்டாங்க, அதே வருஷம்தான் காமன்வெல்த் கிராண்ட்ஸ் கமிஷன் வந்துச்சு. 2000லேர்ந்து ஜிஎஸ்டி மொத்தமும் மாநிலங்களுக்குத்தான், எப்படிப் பிரிக்கணும்னு இந்தக் கமிஷன் சிபாரிசு பண்ணும். 2018 மாத்தத்துக்கு முன்னாடி இங்க குறிக்கோள் சராசரிக்குத் தூக்கி விடுறது இல்ல, எல்லா மாநிலத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வர்றது. அதனால சுரங்க ராயல்டி பாதி இல்ல, முழுசாவே கணக்குல வரும்.

இது நடைமுறைல அப்போ எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க. மேற்கு ஆஸ்திரேலியால நாட்டு மக்கள்தொகைல பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல இருக்காங்க. இரும்புத் தாதுல கூடுதலா 100 டாலர் ராயல்டி வந்தா அவங்களுக்கு மிஞ்சுனது பத்துப் பன்னெண்டு டாலர், மிச்சம் ஜிஎஸ்டி பங்குல குறைஞ்சுடுச்சு, அதுவும் உடனே இல்ல, மூணு வருஷ சராசரி, அது போக தாமதம். 2011ல டன் 180 டாலர் வரைக்கும் போன தாது விலை 2015 கடைசில 40 டாலர் பக்கம் விழுந்துச்சு, ஆனா கமிஷன் பாத்துட்டு இருந்தது நல்லா சம்பாதிச்ச பழைய வருஷங்கள. 2015-16ல மக்கள்தொகைப்படி வந்திருக்க வேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட்தான் கிடைச்சுது. வருமானமும் போச்சு, பங்கும் போச்சு.

இந்தத் தாமதம் கனடாலயும் உண்டுங்கிறத சொல்லியாகணும். 2014-15ல எண்ணெய் விலை சரிஞ்சப்போ ஆல்பர்ட்டா பட்ஜெட் பல பில்லியன் பள்ளத்துல, மாகாண வருமானம் திடீர்னு சரிஞ்சா உதவுற மத்திய அரசோட நிலைப்படுத்தும் திட்டத்துல கிடைக்கிறதுக்கு வரம்பு தலைக்கு 60 டாலர், 1987ல வச்ச வரம்பு அது. 2020லதான் 170 ஆக்குனாங்க.

ஆஸ்திரேலியா 2018ல என்ன பண்ணுச்சுன்னா, யாருக்கும் 70 சென்ட்டுக்குக் கீழ போகாதுன்னு சட்டம் போட்டுச்சு, 2024-25லேர்ந்து 75 சென்ட். மத்த மாநிலங்கள் சண்டைக்கு வரக் கூடாதுன்னு அவங்களுக்கும் நஷ்டம் வராதுன்னு உத்தரவாதம், அதுக்குக் காசு மத்திய பட்ஜெட்லேர்ந்து. அப்புறம் 2021ல தாது விலை 200 டாலரத் தாண்டுச்சு, மேற்கு ஆஸ்திரேலியா வருஷா வருஷம் உபரி பட்ஜெட் போடுது, ஆனாலும் கீழ்வரம்பு அப்படியே நிக்குது, செலவு மொதல்ல சொன்ன மதிப்பீட்ட விடப் பல மடங்கு. நாட்டுலயே வசதியான மாநிலத்துக்கு ஏழை பணக்காரன் எல்லாரோட வரியும் போகுது. தாமதத்த சரி பண்ணிருந்தா, ராயல்டிய பாதியா எண்ணிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய பிரச்சனை.

சரி, அப்போ கனடா ஃபார்முலா நல்லதுன்னா ஆல்பர்ட்டா ஏன் இன்னும் கொதிக்குது? 2021 அக்டோபர்ல ஈக்வலைசேஷன அரசியல் சட்டத்துலேர்ந்தே எடுக்கணும்னு சுமார் 62 சதவீதம் பேரு ஓட்டுப் போட்டாங்களே? எனக்குப் புரிஞ்ச வரைக்கும் காயம் நிதில இல்ல, எரிசக்திக் கொள்கைல. 1980ல பியர் ட்ரூடோ அரசு தேசிய எரிசக்தித் திட்டம்னு கொண்டு வந்து எண்ணெய் விலைய உலக விலைக்குக் கீழயே வச்சுது, மேல புது வரி வேற. ஆல்பர்ட்டா முதல்வர் பீட்டர் லோஹீட் பதிலுக்கு உற்பத்தியவே படிப்படியாக் குறைச்சாரு. திட்டம் 1985ல போச்சு, ஞாபகம் போகல. அப்புறம் பைப்லைன் கதை: நார்தர்ன் கேட்வே 2016ல ரத்து, எனர்ஜி ஈஸ்ட் 2017ல கைவிட்டாச்சு, டிரான்ஸ் மவுண்டன மட்டும் 2018ல மத்திய அரசே 4.5 பில்லியனுக்கு வாங்கி 2024 மே மாசம் விரிவாக்கத்த முடிச்சுது, செலவு 34 பில்லியன் பக்கம்.

2023 அக்டோபர்ல நடந்தது இன்னும் மோசம். வீட்ட சூடாக்குற எண்ணெய்க்கு மட்டும் மூணு வருஷம் கார்பன் வரி கிடையாதுன்னாங்க, அது அட்லாண்டிக் பக்கம்தான் அதிகம் புழங்குது. மேற்குல எல்லாரும் எரிக்கிறது இயற்கை எரிவாயு, அதுக்கு விலக்கு குடுக்கல. சஸ்காட்சுவான் 2024 ஜனவரிலேர்ந்து அந்த வரிய வசூலிக்க மாட்டேன்னு நிறுத்திடுச்சு. இப்படி ஒரு முடிவு எடுத்துட்டு அப்புறம் ஃபார்முலா நியாயமானதுன்னு விளக்கம் சொன்னா யார் காது குடுப்பாங்க?

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு இந்த வலி குறைவு. 2010ல மத்திய அரசு அறிவிச்ச சுரங்க வரியால பெரிய சண்டை வந்துச்சு, கடைசில 2014ல எடுத்துட்டாங்க. ஏற்றுமதி எரிவாயுல 15 சதவீதம் உள்ளூருக்குன்னு 2006லயே அவங்களே கொள்கை வச்சுக்கிட்டாங்க. தாது கப்பல் ஏற தடையா யாரும் நிக்கல. அவங்க சண்டை காசு சண்டை, காசு குடுத்ததும் அடங்கிடுச்சு. ஆல்பர்ட்டா ஈக்வலைசேஷன்ல ஒண்ணுமே வாங்காத மாகாணம், அங்க கீழ்வரம்புன்னு ஒண்ணு வச்சு என்ன பிரயோஜனம்?

கனடா ஆஸ்திரேலியாகிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டியது அந்தக் கமிஷன. கனடா தலைநகர் ஒட்டாவால ஃபார்முலாவ மத்திய நிதி அமைச்சகமே வச்சிருக்கு, 2018ல அஞ்சு வருஷ நீட்டிப்ப பட்ஜெட் மசோதாக்குள்ள வச்சு நிறைவேத்திட்டாங்க, மாகாணங்களோட சரியான பேச்சே இல்ல. 2023லயும் பெரிய மாத்தம் இல்லாம நீட்டிச்சாங்க. ஆஸ்திரேலியால கமிஷன் எல்லா மாநிலத்தோட மனுவையும் வாங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் எழுதி வெளியிடுது, திட்டுறதுக்காவது ஒரு முகவரி இருக்கு. இப்போதைய கனடா ஏற்பாடு 2029 மார்ச்சோட முடியுது, அதுக்குள்ள இப்படி ஒரு கமிஷன அமைச்சு அதுக்கு மொதல் வேலையா நீர்மின்சார மதிப்பக் குடுக்கணும், பைப்லைன் அனுமதி சண்டைய இதோட கோக்காம தனியாப் பேசணும்.