நாற்காலியா, சங்கமா?

பருவநிலை சார்ந்த முடிவுகளில் பெண்களின் குரல் எடுபட இரண்டு வழிகள் கண்முன் இருக்கின்றன. ஒன்று, ஊராட்சி இட ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் 2016-ல் அது 50 சதவீதம் ஆனது. கண்மாய் தூர்வாருவது, மரம் நடுவது பற்றிய தீர்மானத்தில் தலைவர் கையெழுத்து வேண்டும். ஆனால் பல ஊர்களில் கையெழுத்து மனைவியுடையது, பேச்சு கணவருடையது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொன்று, மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் கண்ட வழி. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள் அவர்கள். பாசி மறுபடி வளர வேண்டுமே என்று, மாதம் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது, இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை என்று தாங்களே சங்கமாகக் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்க உழைப்பவர்களுக்கு ஓர் அமெரிக்க அமைப்பு தரும் சீகாலஜி விருது கிடைத்தது.

சரி, சங்கத்திடம் அரசு நிதி இல்லை. மன்னார் வளைகுடாவின் தேசியப் பூங்காத் தீவுகளுக்குள் நுழையத் தடை என்றால் அதை மாற்றும் அதிகாரமும் இல்லை. ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு அந்த பலம் ஓரளவு உண்டு. ஆனாலும் நான் சங்கத்தையே முதலில் வைப்பேன். அங்கே பேசிப் பழகிய பெண் நாற்காலிக்கு வந்தால், அவர் பேச்சை வீட்டுக்காரர் பேச முடியாது.