துருவக் கரடி இல்லாத மண்டாய்: சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்கு மறுபடியும்

சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்தில் இப்போது துருவக் கரடி இல்லை. இனி வரப்போவதும் இல்லை. பல வருட இடைவெளிக்குப் பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்வந்தேன். எப்படி இருந்தது என்று கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர்களுக்கு இந்தப் பதில் வினோதமாகத் தோன்றலாம். ஆனால் பக்கத்து ஈசூனில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, தோட்டம் இருக்கும் மண்டாய் என்றாலே இனுகா என்ற துருவக் கரடிதான்.

இனுகா 1990 டிசம்பர் 26 அன்று இங்கேயே பிறந்தவன். வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் துருவக் கரடி. நான் அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவனுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை என்று சொல்லி முடியாது. நம் ஊரில் பிறந்தவன், நம் வெயிலில் வளர்கிறவன் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நீந்தும்போது பின்னங்கால்கள் இரண்டும் சும்மா மிதந்து வரும். முன்னங்கால்களால் மட்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவான். அந்தப் பாதங்களின் அகலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2004இல் அவனுக்கும் அவன் தாய் ஷீபாவுக்கும் ரோமம் பச்சையாகிவிட்டது. துருவக் கரடியின் முடி உள்ளே வெற்றாக இருக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்ததில் அதற்குள் பாசி குடியேறிவிட்டது. கரடிக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுத்தார்கள். பச்சைக் கரடி என்று அப்போது எல்லாரும் சிரித்தார்கள். ஆர்க்டிக் விலங்கு பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் என்ன செய்கிறது என்ற கேள்வி பலருக்கு அதிலிருந்துதான் தொடங்கியது. ஏக்கர்ஸ் என்ற உள்ளூர் விலங்குநல அமைப்பு 2006இல் இதே கேள்வியை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. இனி ஆர்க்டிக் விலங்குகளைக் கொண்டுவருவதில்லை என்று தோட்டமும் அதே ஆண்டு முடிவெடுத்தது.

இனுகாவை ஜெர்மனியின் ரோஸ்டாக் பூங்காவுக்கு அனுப்பும் யோசனைகூட இருந்தது. பிறந்ததிலிருந்து இந்தச் சூட்டையே அறிந்த கரடியை நடுவயதில் குளிருக்குப் பெயர்ப்பது சரியில்லை என்று அதைக் கைவிட்டார்கள். அவனுக்காகவே 2013இல் முன்னைவிடப் பல மடங்கு பெரிய, குளிரூட்டிய அறையுடன் கூடிய இருப்பிடம் கட்டினார்கள். கடைசிக் காலத்தில் மூட்டுவாதம், பல் தொந்தரவு, தீராத காதுப் புண். 2018 ஏப்ரல் 25 அன்று, மயக்க நிலையில் பரிசோதித்தபோது இனித் தேற வழியில்லை என்று தெரிந்து, அந்த மயக்கத்திலேயே உயிர் பிரியவிட்டார்கள். 27 வயது. மனிதர் பராமரிப்பில் உள்ள துருவக் கரடிகள் சுமார் 25 வருடம் வாழும் என்பார்கள், அதையும் தாண்டியிருந்தான்.

நான் அப்போது மெல்பர்னில் வேலையில் இருந்தேன். செய்தியைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆனால் அவன் இருந்த இடத்துக்கு இன்னொரு கரடியைக் கொண்டுவந்து நிறுத்தவில்லையே, அதற்காகத்தான் இந்தத் தோட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது. டிக்கெட் விற்றுக்கொடுக்கும் விலங்கை வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

இப்படி இல்லாமல் போனவை இன்னும் உண்டு. சின்ன வயதில் யானைச் சவாரி இருந்தது, இப்போது இல்லை. ஆ மெங் என்ற சுமத்ரா ஒராங்குட்டானோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்ள அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். ஒரு வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு 1971இல் மீட்கப்பட்டவள் அவள். இளவரசர் ஃபிலிப்பும் மைக்கேல் ஜாக்சனும் பார்த்துப் போன பிரமுகர். 2008 பிப்ரவரியில் அவள் இறந்தபோது அஞ்சலிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. 2016இல் அவளுடைய பேத்தி இஷ்டாவுக்கு 'ஆ மெங்' என்ற பெயரைச் சூட்டினார்கள். பெயர்தான் தொடர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொள்ளும் பழக்கம் போய்விட்டது, போனதும் நல்லதுக்குத்தான்.

ஒராங்குட்டான் பகுதி இன்றும் இந்தத் தோட்டத்தின் உயிர்நாடி. தலைக்கு மேலே கயிறுகளும் கொடிகளும் மரத்துக்கு மரம் ஓடுகின்றன. நாங்கள் போன அன்று ஒரு தாய், இடுப்பில் குட்டி தொங்க, ஒரு கையில் கயிறும் மறு கையில் இலைக் கொத்துமாக எங்கள் தலைக்கு நேர் மேலே கடந்து போனாள். அவசரமே இல்லை. அடுத்த கயிறு கைக்கு வந்த பிறகுதான் முதல் கயிற்றை விடுகிறாள், விடும் முன் ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்கிறாள். பாதையில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்து மேலே பார்த்தபடி நின்றோம். கூண்டுக் கம்பி வழியாகப் பார்க்கும்போது இந்த அனுபவம் கிடைக்காது.

கம்பி இல்லாமல், அகழியும் தண்ணீரும் செடி மறைவும் வைத்துப் பிரிக்கும் இந்த முறைக்குப் பின்னால் ஓர் இலங்கைக்காரர் இருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தோட்டம் வேண்டும் என்று முனைந்தவர் அப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லா. வடிவமைக்கக் கொழும்பிலிருந்து வரவழைக்கப்பட்டவர் தெஹிவளை விலங்கியல் பூங்காவின் இயக்குநர் லின் டி அல்விஸ். 1973 ஜூன் 27 அன்று திறந்தார்கள். அடுத்த வருடமே காங்கோ என்ற நீர்யானை வேலியை உடைத்துக்கொண்டு பக்கத்து நீர்த்தேக்கத்தில் இறங்கி 47 நாள் கரையேற மறுத்த கதையை என் அப்பா இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்வார். இரவிலும் ஒரு தோட்டம் வைக்கலாமே என்ற யோசனையும் டி அல்விஸ் தந்ததுதான். அது 1994இல் நைட் சஃபாரி ஆனது.

நீர்யானை என்றதும் குள்ள நீர்யானை நினைவுக்கு வருகிறது. தாய்லாந்தின் மூ டெங் என்ற குள்ள நீர்யானைக் குட்டி பிரபலமான பிறகு குழந்தைகள் முதலில் கேட்பது இதைத்தான். இங்கே நீருக்கடியில் கண்ணாடி வைத்திருப்பதால் முழு உடம்பையும் பார்க்கலாம். என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அது நீந்தலப்பா, நடக்குது" என்றாள். அவள் சொன்னது சரிதான். தரையில் கால் பதித்து, ஒவ்வோர் எட்டிலும் கொஞ்சம் எழும்பி இறங்கி, அடிமண்ணைக் கிளறிக்கொண்டே போகிறது. மீன்கள் கூட்டமாகப் பின்னாலேயே போகின்றன.

அப்புறம் எத்தியோப்பியப் பகுதியில் ஹமாட்ரியாஸ் பபூன் குரங்குகள். கூட்டமாக வைத்திருப்பதால் பார்க்கப் பார்க்க ஒரு ஊரே தெரிகிறது. சாம்பல் நிறப் பிடரி வைத்த ஆண் ஒவ்வொன்றுக்கும் தனிக் குடும்பம். அதைச் சேர்ந்த பெண் கொஞ்சம் விலகிப் போனாலும் புருவத்தை உயர்த்தி முறைக்கும். அதுவும் பலிக்காவிட்டால் ஓடிப்போய்க் கழுத்தைக் கவ்வும். ஒரு கிழட்டு ஆண் பாறைமேல் உட்கார்ந்திருக்க, இரண்டு பெண்கள் அதன் முதுகு முடியை விலக்கி விலக்கி ஏதோ பொறுக்கிக்கொண்டிருந்தன. குட்டி ஒன்று அதன் வாலைப் பிடித்துத் தொங்கியது. கிழம் கண்டுகொள்ளவே இல்லை. இங்கே அரைமணி நேரமாவது உட்காருங்கள். பலர் ஒரு செல்ஃபியோடு கடந்துவிடுகிறார்கள்.

போர்னியோவின் நீள்மூக்குக் குரங்குகளைத் தவறவிட வேண்டாம். இலை தின்று செரிக்கப் பல அறை கொண்ட வயிறு இவற்றுக்கு. பழுத்த இனிப்புப் பழம் உள்ளே போனால் புளித்துப் பொங்கி உயிருக்கே ஆபத்தாகும். இவற்றை வளர்ப்பது கடினம் என்பதால் பூங்காக்களில் அரிதாகத்தான் பார்க்க முடியும். இங்கே அவை குட்டி போட்டுப் பெருகுவது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு: வெள்ளைப் புலி. 2001இலிருந்தே கூட்டத்தை இழுத்த விலங்கு அது. 2015இல் இந்தோனீசியாவிலிருந்து ஒரு புதிய ஜோடியும் வந்தது. வெள்ளைப் புலி என்று தனி இனம் கிடையாது. ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாத ஒடுங்கு மரபணு, தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்தால் வரும் நிறம் அது. உலகப் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப் புலிகள் பெரும்பாலும் 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டியின் வழி. நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துத்தான் அந்த நிறத்தைக் காப்பாற்றினார்கள். அழகு என்பதை மறுக்கவில்லை, சிறுவயதில் நானும் மணிக்கணக்கில் நின்றவன்தான். ஆனால் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் காட்டில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று மலேசிய அரசின் கணக்கெடுப்பே சொல்கிறது. துருவக் கரடி விஷயத்தில் எடுத்த முடிவை இதிலும் எடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

மலாயாப் புலியை இப்போது பார்க்க வேண்டியது பக்கத்திலேயே 2025 மார்ச்சில் திறந்த ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியா என்ற புதிய பூங்காவில். நான் விலகிப் போயிருந்த காலத்தில் மண்டாய் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டம் ஒன்று, இரவில் நைட் சஃபாரி ஒன்று, அவ்வளவுதான். பிறகு ஆற்று விலங்குகளுக்கான ரிவர் வொண்டர்ஸ் வந்தது. காய் காய், ஜியா ஜியா பாண்டாக்கள் 2012இலேயே வந்துவிட்டன. பல முறை முயன்று 2021 ஆகஸ்டில் அவற்றுக்குப் பிறந்த லே லே, ஒப்பந்தப்படி 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டான். பிறந்த கரடிக்குட்டியை நாடே கொண்டாடி, பிறகு வழியனுப்பியதைத் தொலைவிலிருந்து பார்த்தபோது எனக்கு மறுபடியும் இனுகா ஞாபகம்தான்.

ஜூரோங் பறவைப் பூங்கா மூடப்பட்டதுதான் என்னை ரொம்பப் பாதித்தது. 1971 ஜனவரி 3இல் திறந்து, 2023இல் அதே ஜனவரி 3இல் மூடினார்கள். 30 மீட்டர் அருவி கொட்டும் அந்தப் பெரிய பறவைக்கூடத்தில் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் சாரலுக்கு ஈடு கிடையாது. பறவைகள் மண்டாயின் பேர்ட் பாரடைஸுக்கு வந்துவிட்டன, 17 ஹெக்டேர், உள்ளே நடந்து பார்க்கும் எட்டுக் கூடங்கள். பறவைகளுக்கு இது மேலான இடம்தான், சந்தேகமில்லை. வெகுநேரம் அசையாமல் நின்றால் காலடியிலேயே வந்து மேய்கின்றன. ஆனாலும் ஜூரோங் குன்றின் பழைய மரநிழல் இங்கே உருவாக இன்னும் இருபது வருடமாவது ஆகும்.

இத்தனையும் கட்ட மண்டாய் ஏரிச் சாலையின் இருபுறமும் நிலம் திருத்தினார்கள். காட்டை ஒட்டிய இடத்தில் இவ்வளவு கட்டுமானம் தேவையா என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். சாலை கடக்கும்போது விலங்குகள் அடிபடுவதும் நடந்தது. 2019 டிசம்பரில் மண்டாய் ஏரிச் சாலைக்கு மேலே, செடியும் மரமும் நட்ட அகலமான பாலம் ஒன்றை விலங்குகளுக்காக மட்டும் திறந்தார்கள். பேருந்து அதன் அடியில்தான் போகும். மகளுக்குக் காட்டினேன். தோட்டத்துக்குள் பார்த்ததைவிட இதைப் பற்றித்தான் அவள் வீட்டில் தாத்தாவிடம் அதிகம் பேசினாள்.

வைல்ட் ஏஷியாவில் நடைபாதை மரத்தின் நடு உயரத்தில் போகிறது, விரும்பினால் கீழே இறங்கிக் காட்டுத்தரையிலும் நடக்கலாம். விலங்கு எப்போதும் கண்ணில் படாது. தேட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பொறுமை போய்விடும், பெரியவர்களுக்கு இதுதான் சுவை. பிரான்சுவா லங்கூர் என்ற குரங்கின் குட்டிகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தாய் கருகருவென்று இருக்கும், மடியில் இருக்கும் குட்டி பளீர் ஆரஞ்சு நிறம்.

போகிறவர்களுக்கு: காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஷட்டில் பேருந்து இருக்கிறது, ஸ்பிரிங்லீஃப் நிலையத்திலிருந்து 138 பேருந்தும் வரும். ஒரே நாளில் இரண்டு பூங்காவுக்கு மேல் வேண்டாம், கால் தாங்காது, எதுவும் மனதில் நிற்காது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் அஞ்சு பூங்காவையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். கதவு திறந்ததுமே உள்ளே போய் முதலில் ஒராங்குட்டான், வெயில் ஏறியதும் குள்ள நீர்யானைக் கண்ணாடி, மழை பிடித்தால் ஃபிராஜைல் ஃபாரஸ்ட் கூடத்துக்குள் ஒதுங்கி லெமூர்களையும் பழந்தின்னி வௌவால்களையும் பாருங்கள். பபூன்களுக்குச் சாயங்காலம் நல்லது. டிராமில் ஒரு சுற்று வந்தால் தாத்தா பாட்டிகளுக்குப் போதும், மற்றவர்கள் நடந்தே பார்க்க வேண்டிய இடம் இது.